பிழையின் பேரில் புதைக்கப்பட்ட பட்டறை

2025 அக்டோபரில் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் 2’ என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தபோது, அதன் முதற்பகுதியை ஆக்கிய ட்ரொய்க்கா கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் பெயர் மீண்டும் ஒருமுறை அடிபட்டது. பெயரோடு ஒட்டிக்கொண்டு பழைய தீர்ப்பும் வந்து சேர்ந்தது. கற்பனை வளம் மிக்கவர்கள், ஆனால் வேலையை முடிக்கத் தெரியாதவர்கள். பிழை மலிந்த விளையாட்டுகளை விற்றார்கள், வாங்குவோர் கைவிட்டார்கள், கடை மூடப்பட்டது. இருபது ஆண்டுகளாக இந்தத் துறையின் வரலாற்றை எழுதுவோர் ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி இதையே சொல்லி வருகின்றனர். அன்போடு எழுதுவோரும் இதே வாக்கியத்தை எழுதிவிட்டு, ‘இருப்பினும்’ என்று தொடங்கித்தான் பாராட்டுகின்றனர்.

இத்தீர்ப்பு தவறானது. தவறு மட்டுமே என்றால் விட்டுவிடலாம். வெளியீட்டு நிறுவனங்களின் கணக்கேட்டைப் படியெடுத்து, அதற்கு வரலாறு என்று பெயர் சூட்டுவதுதான் இதில் உள்ள கேடு. அந்தக் கணக்கேட்டில் கூலியாளின் குறை பதிவாகும். முதலாளி குறித்த கெடு பதிவாகாது. குறையையும் கெடுவையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால் ட்ரொய்க்காவின் கதை வேறாக இருக்கிறது.

தொடக்கம் 1997இல். அணுப்போருக்குப் பிந்திய கலிஃபோர்னியாவின் பாழ்நிலத்தில் நடக்கும் ‘ஃபால்அவுட்’ என்ற பாத்திரமேற்பு விளையாட்டை இன்டர்பிளே நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்டது. பின்னாளில் பல நூறு கோடி டாலர் வணிகமாகவும் 2024இல் தொலைக்காட்சித் தொடராகவும் விரிந்த பெயர் அது. அதைத் தொடங்கி வைத்தவர் டிம் கெய்ன். அதன் முகத்தையும் உலகத்தையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் லெனர்ட் போயார்ஸ்கியும் ஜேசன் ஆண்டர்சனும். இரண்டாம் பகுதிக்கான தொடக்க வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மூவரும் இன்டர்பிளேயை விட்டு வெளியேறி, 1998இல் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் சொந்தமாக ஒரு பட்டறையை நிறுவினார்கள். மூன்று குதிரை பூட்டிய வண்டியை ரஷ்ய மொழியில் ட்ரொய்க்கா என்பர். குதிரைகள் மூன்றும் இருந்தன. வண்டிதான் எந்நாளும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

முதல் ஆக்கம் ‘ஆர்கேனம்’. 2001 ஆகஸ்டில் சியரா நிறுவனம் வெளியிட்டது. எல்ஃபுகளும் குள்ளர்களும் ஓர்க்குகளும் வாழும் மாய உலகத்தில் தொழிற்புரட்சி நிகழ்ந்தால் என்னாகும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, கடைசி வரை அதை விடாமல் பிடித்துச் சென்ற விளையாட்டு அது. மந்திரமும் இயந்திரமும் அங்கே ஒன்றையொன்று முறிக்கும். மந்திரம் முற்றியவரை இரயிலில் ஏற்ற மறுக்கிறார்கள். அவர் உள்ளே இருந்தாலே எஞ்சின் கெட்டுவிடும். ஓர்க்குகள் ஆலைகளில் கூலிகளாக உழல்கிறார்கள். செல்வந்த முதலாளிகள் தமக்கு மெய்க்காவலர்களை உண்டாக்கிக்கொள்ள நடத்தும் ஒரு கொடுமையை ஆட்டக்காரர் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கிறார். அதற்கு அவருக்கு நீதி கிடைப்பதில்லை, குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள், ஆட்டம் அத்துடன் நகர்ந்துவிடுகிறது. ஆட்டக்காரர் எப்போதும் வென்றாக வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்த காலத்தில் இதைச் செய்தவர்களை வேலை தெரியாதவர்கள் என்கிறோம். அறிவுப்புள்ளி குறைந்த பாத்திரத்தைத் தேர்ந்தவருக்கெனத் தனியாக உரையாடல்களை எழுதினார்கள். நீராவி யுகத்துக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா இசையை வைப்பதே வழக்கம். இவர்கள் நான்கு தந்திக் கருவிகளுக்கு மட்டும் இசையமைக்கச் செய்தார்கள். பென் ஹௌஜ் அமைத்த அவ்விசை இன்றும் தனியே கேட்கப்படுகிறது. இத்தனையையும் செய்தது இன்றைய பெருநிறுவனம் ஒன்றின் ஒரு பிரிவுக்குக்கூடக் காணாத சிறு குழு.

பிழைகள் இருந்தனவா? இருந்தன. சண்டைமுறை சமனற்றுக் கிடந்தது. மந்திரத்தின் பக்கம் சாய்ந்தவருக்கு ஆட்டம் எளிது, துப்பாக்கியை நம்பியவருக்குத் தொடக்கம் பெரும்பாடு. இதை மறுப்பதற்கில்லை. இருந்தும் ஆர்கேனம் 2,34,000 பிரதிகள் அளவுக்கு விற்றதாக அக்காலக் கணக்குகள் கூறுகின்றன. புதிய பெயர், புதிய நிறுவனம், விளம்பரத்துக்கு எளிதில் வசப்படாத கதை என்ற நிலையில் அது தோல்வி ஆகாது.

ஆனால் விற்பனை எண் ஆக்கியவருக்கு என்ன தந்தது என்பதே கேள்வி. அக்காலத்துச் சிறு ஆக்க நிறுவனங்கள் வெளியீட்டாளரிடம் வாங்கிய பணம் முதலீடும் அன்று, கடனும் அன்று, முன்பணம். வேலை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்படைத்தால் ஒரு தவணை வரும், அத்தவணையில் அம்மாதச் சம்பளம் போகும். விளையாட்டு விற்கத் தொடங்கிய பின் ஆக்கியவர் பங்கிலிருந்து அந்த முன்பணம் முழுவதும் கழிக்கப்பட்ட பிறகே உரிமத்தொகை என்று ஒன்று கையில் விழும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அந்த நாள் வருவதேயில்லை. பெயரும் பாத்திரங்களும் தொடர்ச்சியை ஆக்கும் உரிமையும் பெரும்பாலும் வெளியீட்டாளரிடமே தங்கிவிடும். காஞ்சிபுரத்திலோ சேலத்திலோ பெருநெசவாளரிடம் பாவும் ஊடையும் முன்பணமும் வாங்கித் தறியில் உட்காரும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேலை அவர் கைவேலை, முத்திரை கடையினுடையது, அடுத்த சேலைக்கு மறுபடியும் முன்பணத்துக்கு நிற்க வேண்டும்.

இம்முறையில் ஒரு விளையாட்டு கடைக்குப் போன மறுநாளே ஆக்கியவர்களுக்கு வருவாய் நின்றுவிடுகிறது. பிழை திருத்தம் என்பது யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. வெளியீட்டாளர் அதற்கெனத் தனியே பணம் ஒதுக்காவிட்டால், பட்டறை தன் ஆட்களை அடுத்த ஒப்பந்தத்தின் வேலைக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் இல்லை. ட்ரொய்க்கா பிழைகளைப் பொருட்படுத்தவில்லை என்று எழுதுவோர், பொருட்படுத்துவதற்கான சம்பளத்தை யார் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

இரண்டாவது ஆக்கம் ‘தி டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்’, 2003, வெளியீடு அட்டாரி. 1985இல் அச்சில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ சாகசம் ஒன்றை, அவ்விளையாட்டின் அன்றைய புதிய விதிகளுக்கு ஏறக்குறைய எழுத்து மாறாமல் கணினியில் கொண்டுவந்த வேலை. முறைமாற்றிச் சண்டையிடும் பகுதியை அதற்கு நிகராகச் செய்தவர் அன்று எவருமில்லை. இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் முடிக்கச் சொன்னார்கள். அதன் விளைவு எல்லா இடத்திலும் தெரிந்தது. கதை மெலிந்திருந்தது, பிழைகள் ஏராளம். விற்பனை ஏறத்தாழ 1,28,000. வெளியீட்டாளர் திருத்தங்களை நிறுத்திய பின், ‘சர்க்கிள் ஆஃப் எயிட்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட ஆர்வலர் குழுவொன்று பிழைகளை நீக்கியது. வெளியீட்டுக்கு முன் வெட்டப்பட்ட பகுதிகளையும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மீட்டெடுத்தது. யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை.

மூன்றாவதும் கடைசியுமான ஆக்கம்தான் ‘பிளட்லைன்ஸ்’. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரவுகளில் ஒளிந்து வாழும் இரத்தக்காட்டேரிகளின் அரசியல் அது. சான்டா மோனிகா, டவுன்டவுன், ஹாலிவுட், சைனாடவுன் என்று நான்கு வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மணம். அதில் ஓஷன் ஹவுஸ் என்றொரு பாழடைந்த விடுதி வருகிறது. அந்தப் பகுதி முழுவதிலும் கொல்வதற்கு ஒரு பகைவர்கூட இல்லை; விளக்கு அணைவதும் தட்டு பறப்பதும் படி இடிவதும் மட்டுமே. சண்டை விளையாட்டின் நடுவில் இப்படிச் சண்டையற்ற ஒரு மணி நேரத்தை வைக்கும் துணிவு இன்றைய பெருநிறுவனக் கூட்டங்களில் முதல் பத்து நிமிடத்தைத் தாண்டாது. மால்கேவியன் என்ற சித்தம் கலங்கிய குலத்தைத் தேர்ந்தெடுப்பவருக்காக, அவர் வாயிலிருந்து வரும் உரையாடல்கள் முழுவதையும் தனியாக எழுதினார்கள். அவர் தெருவோர நிறுத்தப் பலகையோடு வழக்காடுகிறார். முதல் முறை ஆடுவோருக்கு உளறலாகத் தோன்றும் வரிகள் பின்னால் நடக்கவிருப்பதை முன்னறிவிப்பவை என்பது இரண்டாம் முறை ஆடும்போதுதான் புரியும். பெரும்பாலோர் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும் எழுதப்பட்ட வரிகள் அவை.

இதன் வெளியீட்டாளர் ஆக்டிவிஷன். எஞ்சின், வால்வ் நிறுவனத்தின் ‘சோர்ஸ்’. அந்த எஞ்சின் அப்போது முடிந்திருக்கவில்லை. வால்வ் தன் ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டுக்காக அதை எழுதிக்கொண்டேயிருந்தது. கட்டி முடிக்காத அடித்தளத்தின் மேல் ட்ரொய்க்கா வீடு எழுப்பியது. அடித்தளத்தில் பின்னால் செய்யப்பட்ட சீர்திருத்தங்களெல்லாம் மேல்வீட்டுக்கு வந்து சேரவில்லை. இதற்கு மேல் ஒரு நிபந்தனை: ஹாஃப்-லைஃப் 2 வெளிவருவதற்கு முன் அந்த எஞ்சினில் ஆன வேறெந்த விளையாட்டும் கடைக்கு வரக்கூடாது. வால்வின் நலனுக்கு அது நியாயமே. அதற்கு ஆக்டிவிஷன் கண்ட தீர்வுதான் வேடிக்கை. 2004 நவம்பர் 16 அன்று ஹாஃப்-லைஃப் 2 வந்தது. அதே நவம்பர் 16 அன்று பிளட்லைன்ஸும் வந்தது.

அந்த மாதத்தைச் சற்றுப் பார்க்கலாம். அக்டோபர் 26இல் ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியஸ்’. நவம்பர் 9இல் ‘ஹேலோ 2’. நவம்பர் 17இல் ‘மெட்டல் கியர் சாலிட் 3’. நவம்பர் 23இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. கணினி விளையாட்டுகளின் வரலாற்றிலேயே நெரிசல் மிகுந்த நான்கு வாரங்களின் நட்டநடுவில், அந்த ஆண்டு மிக ஆவலாக எதிர்பார்க்கப்பட்ட விளையாட்டின் அதே நாளில், அதே எஞ்சினின் பழைய வடிவத்தை அணிந்துகொண்டு, திருத்தி முடிக்கப்படாத ஒரு விளையாட்டு கடைவீதிக்கு அனுப்பப்பட்டது. தீபாவளியன்று இரஜினி படத்துக்கு எதிராக, பின்னணி இசை முழுதாகச் சேராத படம் ஒன்றைத் திரையிட்டுவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று இயக்குநரைக் குறை சொல்வதற்கு ஒப்பானது இது. தொடக்க விற்பனை ஏறத்தாழ 72,000.

அந்த எண்ணைத்தான் ட்ரொய்க்காவின் சாவுச் சான்றிதழாகக் காட்டுகிறார்கள்.

விளையாட்டு வெளிவந்த கையோடு ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது. திருத்தப் பொதி ஒன்று வெளியாயிற்று. எஞ்சியிருந்த சிலரின் வேலை அது. அணுப்போருக்குப் பிந்திய உலகம் ஒன்றின் மாதிரிக் காட்சியை ஆக்கி, வெளியீட்டாளர்களிடம் எடுத்துச் சென்றார்கள். எவரும் பணம் போட முன்வரவில்லை. 2005 பிப்ரவரியில் ட்ரொய்க்கா மூடப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று விளையாட்டுகள், மூன்று வெளியீட்டாளர்கள். ஒருவரும் இரண்டாம் ஒப்பந்தம் தரவில்லை.

இதனிடையே நடந்த இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணநெருக்கடியில் இருந்த இன்டர்பிளே, ஃபால்அவுட்டின் அடுத்த பகுதியை ஆக்கும் உரிமையை 2004இல் விற்றது. அதை உருவாக்கியவர்களே, தாங்கள் உருவாக்கியதற்குத் தாங்களே விலை கேட்டு நின்றார்கள். அவர்களைவிடக் கூடுதல் விலை சொன்ன பெதெஸ்டாவுக்கு உரிமை போயிற்று. 2007இல் அதே பெதெஸ்டா அந்தப் பெயரை முழுவதுமாக 57.5 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. பெதெஸ்டா செய்தது களவு அன்று. சட்டப்படி செய்த வணிகமே. ஆக்கியவர் ஏலத்தில் கையுயர்த்தி நிற்பதையும் தோற்றுத் திரும்புவதையும் இயல்பான ஒன்றாக்கும் சட்டத்தைப் பற்றியது இந்த வழக்கு.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நிறுவனர்களே தங்கள் குறைகளைப் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். மூவர் தலைமை என்பது பல வேளைகளில் ஒரு தலைமையும் இல்லாததற்குச் சமம். எந்த நல்ல யோசனைக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மனமில்லாதவர்கள் அவர்கள். பத்துப் பேர் செய்யக்கூடியதை விட்டுவிட்டு ஐம்பது பேர் செய்யக்கூடியதைத் திட்டமிட்டார்கள். பிளட்லைன்ஸுக்கு ஆக்டிவிஷன் ஏறத்தாழ மூன்றாண்டு பணம் கொடுத்தது. கெடு தவறியது ஒருமுறை அன்று. இவை எல்லாம் உண்மை. ஆனால் நிர்வாகம் தெரியாத கலைஞர் என்பதற்கும் தோற்றுப்போன கலைஞர் என்பதற்கும் இடையில் உள்ள தொலைவைப் பணம்தான் தீர்மானிக்கிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கண்முன் இருக்கிறது.

2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளிவந்தது. ட்ரொய்க்காவின் மூன்று விளையாட்டுகளின் பிழைகளையும் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது எனுமளவுக்கு அதன் நிலை இருந்தது. சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்தே நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாதக்கணக்கில் அது அங்கே விற்கப்படவில்லை. ஆனால் அதை ஆக்கிய போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனமே அதன் வெளியீட்டாளரும்கூட. விற்ற பணம் அவர்கள் பெட்டியிலேயே விழுந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து திருத்தினார்கள். 2023இல் அவ்விளையாட்டு ‘மீண்டெழுந்த காவியம்’ ஆகிவிட்டது. பிழை செய்தவர் என்று அவர்களை இன்று எவரும் முதல் வாக்கியத்தில் அறிமுகப்படுத்துவதில்லை. பிழையின் அளவு ட்ரொய்க்காவைத் தனித்துக் காட்டவில்லை என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? திருத்துவதற்கான காலத்தை யார் வைத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

பிளட்லைன்ஸைத் திருத்த முடியும் என்பதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நிறுவனம் மூடப்பட்ட பின் அதைத் திருத்தும் பணியை ஆர்வலர்கள் கையிலெடுத்தார்கள். அவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதைத் தொடர்ந்து செய்து வருகிறார். வேலைநேரம் போக எஞ்சிய நேரத்தில், மூல நிரல் கையில் இல்லாமல், ஆட்டத்தின் கோப்புகளைத் துழாவித் துழாவிச் செய்த வேலை. அதிகாரமற்ற அந்தத் திருத்தப் பொதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிழைகளை மட்டும் நீக்கும். மற்றது ஒருபடி மேலே சென்று, கோப்புகளுக்குள் புதைந்து கிடந்த வெட்டுண்ட உரையாடல்களையும் இடங்களையும் பணிகளையும் மீட்டு உள்ளே சேர்க்கும். விடுபட்டவற்றை இட்டு நிரப்பவும் செய்யும். இந்த இரண்டாம் வகை ஆக்கியோர் எண்ணத்துக்கு உண்மையானதா, திருத்தியவர் கைச்சரக்கா என்று ஆர்வலர்களிடையே நெடுங்காலமாகச் சச்சரவு நடக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இச்சச்சரவு புதியதன்று. சுவடி பார்த்துப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட அதே கேள்வி அது. சிதைந்த ஏட்டில் உள்ளதை உள்ளபடி அச்சிடுவதா, பொருந்தும் சொல்லை ஊகித்துச் சேர்ப்பதா; சேர்த்தால் அதைக் குறித்துக் காட்டுவதா; எது பாடபேதம், எது இடைச்செருகல். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை ஏட்டுப்பிழை திருத்தியவர் என்று மட்டும் எவரும் அழைப்பதில்லை. நூலை மீட்டவர் என்கிறோம். ஒரே கோப்பின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டு, ஆக்கியவர் எண்ணத்தைத் தேடி, இரண்டு பதிப்புகளைத் தனித்தனியே வைத்திருக்கும் ஒருவரைக் கணினி உலகம் ‘ரசிகர்’ என்ற சொல்லால் கடந்துபோகிறது. இது ரசிகர் வேலை அன்று, பதிப்பாசிரியர் வேலை.

அந்த வேலைக்குக் கிடைத்த பரிசையும் பார்க்கலாம். இன்று பிளட்லைன்ஸை ஜிஓஜி என்னும் இணையக் கடையில் வாங்கினால், அந்த அதிகாரமற்ற திருத்தத்தின் அடிப்படை வகை உடன் சேர்ந்தே வருகிறது. அது இல்லாமல் இன்றைய கணினிகளில் அவ்விளையாட்டைச் சிக்கலின்றி ஆட முடியாது. அதாவது, விற்கத்தக்கதாக அதை இன்று வைத்திருப்பதே கூலியில்லா உழைப்புதான். விற்ற பணம் உரிமையாளருக்குப் போகிறது. ஆக்கியவர்களின் நிறுவனம் இல்லை. திருத்தியவருக்கு ஒப்பந்தம் இல்லை. வணிகத்தில் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று ட்ரொய்க்காவைச் சொல்லும் கட்டுரைகள் இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைக்கும்?

சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டமும் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை ‘இலக்கிய ஆக்கம்’ என்றே வகைப்படுத்துகின்றன. கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது. இலக்கியத்துக்குரிய நீண்ட காவல் முழுவதும் நிரலுக்குக் கிடைக்கிறது. இலக்கியத்தின் மேல் உள்ள கடமை கிடைப்பதில்லை. இந்தியாவில் ஒரு நூலை வெளியிடுபவர் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னையின் கன்னிமாராவுக்கும் படி அனுப்பியாக வேண்டும். நிரலுக்கு அப்படி எதுவுமில்லை. அமெரிக்காவில் நிரலுக்குப் பதிப்புரிமைப் பதிவு பெற மூல நிரலின் முதல் 25 பக்கங்களையும் கடைசி 25 பக்கங்களையும் கொடுத்தால் போதும். வணிக இரகசியம் என்றால் அவற்றிலும் சில வரிகளை மறைத்துக்கொள்ளலாம். முதல் இயலையும் கடைசி இயலையும் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாவல் முழுவதுக்கும் காப்புரிமை வாங்கிக்கொள்வது போன்ற இலக்கியம் இது.

இதன் விளைவு ஊகம் அன்று. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று வணிகச் சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு செய்து வெளியிட்டது. அந்த ஆய்வின் துணையோடு, நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அணுகத் தர அனுமதி கேட்கப்பட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நடைமுறை அதை மறுத்தது. துறையின் பெருநிறுவனங்களுடைய சங்கம் எதிர்த்து வாதிட்டிருந்தது. ஆய்வாளர் நேரில் வரட்டும் என்பதே பதில். தமிழின் முதல் மௌனப்படமான ‘கீசக வதம்’ இன்று ஒரு சுருள்கூட எஞ்சாமல் போனதற்கு அக்காலத்தில் ஆவணக்காப்பகம் இல்லை என்றாவது ஒரு சமாதானம் உண்டு. இங்கே காப்பகம் இருக்கிறது, ஆர்வலர் இருக்கிறார்கள், படியெடுக்கும் கருவி எல்லோர் மேசையிலும் இருக்கிறது. தடுப்பது உரிமை மட்டுமே.

உரிமையாளரிடமாவது பத்திரமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இன்டர்பிளேயை விட்டு வெளியேறும்போது, ஃபால்அவுட் தொடர்பாகத் தாம் சேமித்து வைத்திருந்த அனைத்தையும் அழித்துவிடும்படி தமக்குச் சொல்லப்பட்டது என்று டிம் கெய்ன் 2025இல் வெளிப்படையாகக் கூறினார். அழிக்கச் சொன்ன நிறுவனம், தன் படியைத் தானே தொலைத்துவிட்டு, பின்னாளில் அவரிடமே வந்து கேட்டது. அந்த மூல நிரல் இன்றும் எங்கோ இருக்கிறது என்று தெரியவந்ததற்குக் காரணம் எந்த நிறுவனக் காப்பகமும் அன்று. இன்டர்பிளேயின் நிறுவனர்களுள் ஒருவரான ரெபெக்கா ஹைன்மன் தாமாகவே படியெடுத்து வைத்திருந்தார். அவரும் அதே ஆண்டில் காலமானார். ஒரு மனிதரின் சேமிக்கும் பழக்கத்தை நம்பி ஒரு துறையின் வரலாறு கிடக்கிறது.

உரிமைகள் இன்று எங்கே இருக்கின்றன? சியராவின் சொத்துகள் 2008இல் ஆக்டிவிஷனோடு இணைந்தன. ஆர்கேனம் அவற்றுள் ஒன்று. பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2021இல் வாங்கியது. ஃபால்அவுட் அதனோடு போயிற்று. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனையும் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஆர்கேனமும் அங்கே சேர்ந்தது. கெய்னும் போயார்ஸ்கியும் பின்னாளில் சேர்ந்து பணியாற்றிய அப்சிடியன் நிறுவனம் 2018 முதலே மைக்ரோசாஃப்ட்டுடையது. 1998இல் மூவர் தனியாகப் போனதிலிருந்து சிதறிய துண்டுகளில் பெரும்பாலானவை இன்று ஒரே கூரையின் கீழ் உள்ளன. யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கியதில் சேர்ந்துகொண்டவை.

எனவே கோரிக்கை எளியது, குறிப்பானது. பிளட்லைன்ஸின் நிரலைத் திறந்து வைப்பது கடினம். உள்ளே வால்வின் எஞ்சின் இருக்கிறது, உலகமும் கதைமாந்தரும் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். டெம்பிள் விளையாட்டின் விதிகள் வேறொருவருடையவை. ஆர்கேனத்துக்கு இந்தத் தடைகள் இல்லை. எஞ்சினும் கதையும் ட்ரொய்க்கா தானே எழுதியவை. வெளியாரின் துணைநிரல்கள் சில உள்ளே இருக்கக்கூடும் என்பது காரணம் ஆகாது. ‘டூம்’ விளையாட்டின் மூல நிரல் 1997இல் வெளியிடப்பட்டபோது, ஒலிக்கான பகுதி வெளியாருடையது என்பதால் விடப்பட்டது. ஆர்வலர்கள் அதைப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். இன்று டூம் ஓடாத கருவி இல்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ வரிசையின் பல பகுதிகளுடைய நிரலை 2025 பிப்ரவரியில் திறந்து வைத்தது. அதனால் அந்த நிறுவனத்துக்கு எந்த இழப்பும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

மைக்ரோசாஃப்ட்டே இதைச் செய்திருக்கிறது. இன்ஃபோகாம் என்றொரு சிறு நிறுவனம் 1979இல் மாசசூசெட்ஸில் தோன்றி, ‘ஸோர்க்’ என்னும் எழுத்து விளையாட்டால் புகழ்பெற்று, 1986இல் ஆக்டிவிஷனால் வாங்கப்பட்டு, 1989இல் மூடப்பட்டது. ஆக்டிவிஷனோடு ஸோர்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு வந்தது. 2025 நவம்பரில் அதன் மூன்று பகுதிகளுடைய மூல நிரலையும், எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு அந்நிறுவனம் பொதுவில் வைத்தது. ஆர்கேனம் அதே ஆக்டிவிஷன் வழியாக, அதே கிடங்குக்கு வந்து சேர்ந்த விளையாட்டு.